அமெரிக்க வாக்குச்சீட்டை அடிவரை படிப்பது எப்படி: ஆட்சிமுறை, தேர்தல், குடிமக்கள் பங்கேற்பு குறித்த முழுமையான வழிகாட்டி

2018ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், வர்ஜீனியா மாநிலத் தலைநகரான ரிச்மண்டில் ஒரு மேசையின்மேல் பீங்கான் கிண்ணம் ஒன்று வைக்கப்பட்டது. நியூபோர்ட் நியூஸ் நகரிலுள்ள 94ஆவது மாநிலச் சட்டமன்றத் தொகுதியில் போட்டியிட்ட ஷெல்லி சைமண்ட்ஸ், டேவிட் யான்சி ஆகிய இருவரும் ஆளுக்கு 11,608 வாக்குகள் பெற்றுச் சமநிலையில் நின்றார்கள். அவர்களுடைய பெயர்களை எழுதிய இரண்டு சீட்டுகளைப் பழைய ஃபிலிம் டப்பிகளில் இட்டுக் கிண்ணத்தில் போட்டு, தேர்தல் வாரிய அதிகாரி ஒருவர் ஒன்றை எடுத்தார். யான்சியின் பெயர் வந்தது. 100 இடங்கள் கொண்ட அந்த அவையில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மை 51க்கு 49 என்று அந்த ஒரு சீட்டால் தப்பியது. உத்திரமேரூர்க் குடவோலையைப் பள்ளியில் படித்த நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அந்தத் தொகுதியில் தேர்தல் நாளன்று வீட்டிலேயே இருந்துவிட்ட ஒரே ஒரு சைமண்ட்ஸ் ஆதரவாளர் வாக்குச்சாவடிக்குப் போயிருந்தால் கிண்ணத்துக்கே வேலை இருந்திருக்காது.

அமெரிக்கத் தேர்தல் என்றதும் நம் செய்தித்தாள்கள் வெள்ளை மாளிகையில் தொடங்கி வெள்ளை மாளிகையிலேயே முடித்துவிடுகின்றன. அங்கே வாழ்பவர்களுக்கோ அதிபரின் பெயர் நீண்ட ஒரு வாக்குச்சீட்டின் முதல் வரி மட்டுமே. அதற்குக் கீழே இருக்கும் வரிகளில்தான் பிள்ளைகள் படிக்கும் பள்ளி, வீட்டு வரி, தெருவில் ரோந்து வரும் காவலர்கள் ஆகியவை தீர்மானிக்கப்படுகின்றன. அமெரிக்காவில் குடியேறிய தமிழர்களையும், தொலைவிலிருந்து அந்நாட்டு அரசியலைக் கவனிப்பவர்களையும் மனத்தில் வைத்து, அந்தச் சீட்டை அடிவரை படிக்கத் தேவையானவற்றை வரிசையாகத் தருகிறேன்.

படி 1: பழகிய சொற்களைக் கழற்றி வையுங்கள்

இந்திய அரசியலை நன்கு அறிந்தவர்கள்தான் அமெரிக்க அரசியலில் முதலில் தடுமாறுகிறார்கள் என்பது என் அனுபவம். சொற்கள் ஒன்றாக இருக்க, பொருள் வேறாக இருப்பதே காரணம். காங்கிரஸ் என்பது அங்கே கட்சி அன்று, நாடாளுமன்றம். ஆளுநர் என்பவர் மத்திய அரசு நியமித்து அனுப்பும் பிரதிநிதி அல்லர். மாநில மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர், ஏறக்குறைய நம் முதலமைச்சரைப் போன்றவர். செயலர் என்று நாம் மொழிபெயர்க்கும் பதவி கோட்டையில் அமர்ந்திருக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரியைக் குறிப்பதில்லை, அவர் அமைச்சர். அந்த அமைச்சர் காங்கிரஸ் உறுப்பினராக இருக்கவும் கூடாது; உறுப்பினர் ஒருவரை அதிபர் அமைச்சராக்கினால், அவர் தம் இடத்தை விட்டுவிட்டுத்தான் வரவேண்டும்.

"செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்" என்ற பெயர் இன்னும் குழப்பம் தருவது. வாஷிங்டனில் அந்தப் பெயருடையவர் வெளியுறவு அமைச்சர். மாநிலத்தில் அதே பெயருடையவர், பெரும்பாலான மாநிலங்களில், தேர்தல்களுக்குத் தலைமைப் பொறுப்பாளர். இதையொட்டி ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இந்தியத் தேர்தல் ஆணையத்தைப் போல நாடு முழுவதற்கும் தேர்தல் நடத்தும் அமைப்பு அமெரிக்காவில் கிடையாது. கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் என்று ஒன்று இருந்தாலும் அது பிரசாரப் பணத்தின் வரவு செலவை மட்டுமே கவனிக்கிறது. தேர்தலை நடத்துவது மாநிலமும், அதன் கீழுள்ள, நம் மாவட்டங்களைப் போன்ற கவுண்டிகளும். சில மாநிலங்களில் அந்த வேலை நகரங்களுக்கும் சிற்றூர் நிர்வாகங்களுக்கும் போகிறது. வாக்குச்சீட்டின் வடிவம், பதிவுக்கான கடைசி நாள், அடையாள அட்டை பற்றிய விதி, அஞ்சல் வாக்கை எண்ணத் தொடங்கும் நேரம் என எல்லாமே மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது இதனால்தான். நியூ ஜெர்சியில் இருக்கும் உறவினர் சொன்ன விதியை நம்பி டெக்சாஸில் வரிசையில் நிற்காதீர்கள்.

படி 2: வாஷிங்டனில் யாருக்கு என்ன அதிகாரம்

1787இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அரசியலமைப்புச் சட்டம், அதிகாரத்தை மூன்றாகப் பிரித்து ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்குமாறு கட்டியது. முதல் பிரிவு காங்கிரஸுக்கு, இரண்டாவது அதிபருக்கு, மூன்றாவது நீதிமன்றங்களுக்கு. காங்கிரஸை முதலில் வைத்தது தற்செயல் அன்று; சட்டம் இயற்றுவதும் கஜானாவைத் திறப்பதும் அதன் உரிமை.

பிரதிநிதிகள் சபையில் வாக்குரிமையுள்ள 435 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். மக்கள்தொகைக்கு ஏற்ப மாநிலங்களுக்கு இடங்கள் பிரிக்கப்படுகின்றன. பதவிக்காலம் 2 ஆண்டுகள். செனட் சபையில் மாநிலத்துக்கு இருவர் வீதம் 100 பேர். பதவிக்காலம் 6 ஆண்டுகள். 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் தேர்தலைச் சந்திக்கிறார்கள். செனட்டை நம் மாநிலங்களவையோடு ஒப்பிடுவது வழக்கம், ஆனால் அது பொருந்தாது. உச்ச நீதிமன்ற நீதிபதிகள், அமைச்சர்கள், தூதர்கள் ஆகியோரின் நியமனத்துக்குச் செனட்டின் ஒப்புதல் வேண்டும். வெளிநாட்டு உடன்படிக்கைகளுக்கு அங்கே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பெரும்பாலான மசோதாக்களில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே 60 பேர் கை தூக்கவேண்டும். அதிகாரத்தில் அது மூத்த அவை.

இரு அவைகளும் ஒரே வாசகத்தை நிறைவேற்றிய பின் மசோதா அதிபரிடம் போகிறது. அவர் மறுத்தால், இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து அந்த மறுப்பைத் தள்ளுபடி செய்யலாம்; அது அரிதாகவே நடக்கிறது. அதிபர் 4 ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்; 1951இல் நடைமுறைக்கு வந்த 22ஆவது திருத்தத்தின்படி இருமுறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட முடியாது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து அவரைக் கவிழ்க்க வழியில்லை. பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டி, செனட் விசாரித்து, மூன்றில் இரண்டு பங்கினர் ஏற்றால்தான் பதவி போகும். 1868இல் ஆண்ட்ரூ ஜான்சன், 1998இல் பில் கிளிண்டன், 2019இலும் 2021இலும் டொனால்ட் டிரம்ப் ஆகியோர் குற்றம் சாட்டப்பட்டார்கள். ஒருவரும் பதவி நீக்கப்படவில்லை.

அதிபரும் காங்கிரஸும் முரண்பட்டால் ஆட்சி கவிழாது, ஆனால் நின்றுபோகும். நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்குகிறது. அதற்குள் செலவுச் சட்டம் நிறைவேறாவிட்டால் அலுவலகங்கள் பூட்டப்படும். 2025இல் இப்படி 43 நாட்கள் முடங்கின. உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளுக்கு ஓய்வு வயது கிடையாது, வாழ்நாள் பதவி. செனட் தேர்தலில் வாக்களிப்பவர் மறைமுகமாக நீதிமன்றத்தையும் தேர்ந்தெடுக்கிறார் என்று சொல்வது இதனால்தான்.

படி 3: உங்கள் முகவரியின்மேல் எத்தனை அரசுகள் என்று எண்ணுங்கள்

அமெரிக்காவில் ஏறத்தாழ 90,000 உள்ளாட்சி அமைப்புகள் இருக்கின்றன. மத்திய அரசு, மாநில அரசு ஆகியவற்றுக்குக் கீழே கவுண்டி, அதற்குள் நகரம், தனியாகப் பள்ளி மாவட்டம், அதற்கும் தனியாக நீர் வாரியம், தீயணைப்பு மாவட்டம், நூலக மாவட்டம் என்று எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். இவற்றில் பலவற்றுக்குத் தனியே வரி விதிக்கும் அதிகாரமும் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியமும் உண்டு. சொத்து வரி ரசீதைக் கையில் எடுத்து, அதில் எத்தனை அமைப்புகளுக்குப் பணம் போகிறது என்று வரிவரியாகப் பாருங்கள். அதைவிடச் சிறந்த குடிமையியல் பாடநூல் எனக்குத் தெரியவில்லை. பெரும்பாலான இடங்களில் அந்த ரசீதின் பெரும்பங்கு பள்ளிக்கே போகும்.

நம் ஊரில் நியமனத்தால் வரும் பல பதவிகள் அங்கே தேர்தலால் வருகின்றன. கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃப், யார்மீது எந்தக் குற்றவழக்குப் போடுவது என்று முடிவு செய்யும் மாவட்ட அரசு வழக்கறிஞர், பல மாநிலங்களில் நீதிபதிகள் ஆகியோரும் வாக்குக் கேட்டு வருகிறார்கள். இந்தக் கீழ்ப்படிகளே மேலே ஏறும் ஏணியாகவும் இருக்கின்றன. சென்னையிலிருந்து போன சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், சான் ஃபிரான்சிஸ்கோவின் மாவட்ட அரசு வழக்கறிஞராகத்தான் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டார். துணை அதிபர் பதவி அதற்குப் பல ஆண்டுகள் கழித்து வந்தது. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் வாஷிங்டன் மாநிலச் செனட்டில் இருந்துவிட்டே தேசியப் பிரதிநிதிகள் சபைக்குப் போனார்.

படி 4: உங்களுக்கு வாக்குரிமை உண்டா என்று உறுதி செய்யுங்கள்

18 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமக்களே தேசியத் தேர்தல்களில் வாக்களிக்கலாம். இந்த ஒற்றை வரிக்குப் பின்னால் நீண்ட போராட்டம் இருக்கிறது. 1870இல் 15ஆவது திருத்தம் இன அடிப்படையில் வாக்குரிமையை மறுக்கக்கூடாது என்றது. ஆனாலும் தென் மாநிலங்கள் வாக்கு வரியையும் எழுத்தறிவுத் தேர்வையும் வைத்துக் கறுப்பின மக்களைத் தடுத்தன. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகே அந்தக் கதவு உண்மையில் திறந்தது. பெண்களுக்கு 1920இல், 18 வயதினருக்கு 1971இல் உரிமை கிடைத்தது.

இந்தியர்களின் கதை தனி. பகத் சிங் தின்ட் என்பவரின் வழக்கில், இந்தியர்கள் சட்டம் சொல்லும் வெள்ளையர்கள் அல்லர், ஆகவே குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று உச்ச நீதிமன்றம் 1923இல் தீர்ப்பளித்தது. 1946இல்தான் சட்டம் மாறியது. பஞ்சாபில் பிறந்து, பெர்க்லியில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றும் கலிபோர்னியாவில் விவசாயம் பார்த்த தலிப் சிங் சவுந்த், 1949இல் குடிமகனாகி, ஒரு சிற்றூரில் சிறு வழக்குகளை விசாரிக்கும் அமைதி நீதிபதியாக 1952இல் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1956இல் பிரதிநிதிகள் சபைக்கு வென்றார். ஆசிய வம்சாவளியினர் ஒருவர் அச்சபைக்குப் போனது அதுவே முதல்முறை.

இன்று குடியுரிமை பெற விரும்புகிறவர் பொதுவாக 5 ஆண்டுகள், நிரந்தரமாக வசிக்க அனுமதிக்கும் பச்சை அட்டையுடன் வாழ்ந்திருக்கவேண்டும். அமெரிக்கக் குடிமகனை அல்லது குடிமகளை மணந்து சேர்ந்து வாழ்பவர்களுக்கு 3 ஆண்டுகள். என்-400 என்ற படிவத்தில் விண்ணப்பித்து, ஆங்கிலத் தேர்வும் குடிமையியல் தேர்வும் எழுதவேண்டும். 2025 அக்டோபர் 20ஆம் நாள் முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 கேள்விகள் கொண்ட புதிய பட்டியலிலிருந்து 20 கேட்கப்படும். 12 சரியாக இருக்கவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை ஒன்றுக்கு இரண்டுமுறை படியுங்கள். பச்சை அட்டையோ எச்-1பி என்ற வேலை விசாவோ வைத்திருப்பவர்கள் தேசியத் தேர்தலில் வாக்களிப்பது குற்றம். நாடு கடத்தவும் அது காரணமாகும். ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும்போது, வாக்காளராகப் பதிவு செய்ய விருப்பமா என்ற கேள்வி திரையில் வரும். அவசரத்தில் ஆம் என்று அழுத்தி, குடிமகன் என்ற கட்டத்திலும் குறியிட்டுவிட்டால், பிற்காலத்தில் குடியுரிமை விண்ணப்பமே அதனால் சிக்கலில் மாட்டலாம். கவுண்டரில் இருப்பவர் சொன்னார் என்பது சமாதானமாகாது. தவறு நடந்துவிட்டால் வாக்களிக்காமல், உடனே குடிவரவு வழக்கறிஞரிடம் போங்கள்.

படி 5: பெயரைப் பதிவு செய்யுங்கள், இனிஷியலில் கவனம் வையுங்கள்

வடக்கு டகோட்டாவைத் தவிர எல்லா மாநிலங்களிலும் முன்பதிவு வேண்டும். வீடு வீடாக வந்து பட்டியல் எடுக்கும் வழக்கம் இல்லை, நாம்தான் போகவேண்டும். தேசியத் தேர்தலுக்கான பதிவை 30 நாட்களுக்கு முன்பே முடித்துவிட்டால் எந்த மாநிலத்திலும் தாமதம் என்று தள்ள முடியாது. மினசோட்டா, விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் வாக்களிக்கும் நாளன்றே பதியலாம். "வோட் டாட் கவ்" என்ற அரசு இணையதளத்தில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால் உரிய பக்கத்துக்குக் கொண்டுபோய் விடும். வீடு மாறினால் புதிய முகவரியில் மீண்டும் பதியவேண்டும். அடுத்த தெருவுக்கு மாறினால்கூடத் தொகுதி மாறியிருக்கலாம்.

நமக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. பதிவு விவரங்கள் ஓட்டுநர் உரிமத்தோடோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி 4 இலக்கங்களோடோ ஒப்பிடப்படுகின்றன. இனிஷியலோடு பழகிய நம் பெயர் கடவுச்சீட்டில் ஒரு மாதிரியும், உரிமத்தில் தந்தை பெயர் கடைசிப் பெயராக மாறி இன்னொரு மாதிரியும், கணவர் பெயர் சேர்ந்து வேறு மாதிரியும் இருக்கும். குடியுரிமை விண்ணப்பத்திலேயே பெயரை மாற்றிக்கொள்ள வழியுண்டு. அப்போதே ஒரு வடிவத்தை முடிவு செய்து, எல்லா ஆவணங்களையும் அதற்கேற்பத் திருத்திக்கொள்வது நல்லது. கையெழுத்தும் அப்படித்தான். தமிழில் கையெழுத்திட்டுப் பழகியவர்கள் தாராளமாகத் தமிழிலேயே இடலாம், ஆனால் பதிவில் இட்டதும் பின்னர் அஞ்சல் உறையில் இடுவதும் ஒத்திருக்கவேண்டும்.

படி 6: பிரைமரியைத் தவறவிடாதீர்கள்

நம் நாட்டில் வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிக்கிறது. அமெரிக்காவில் பிரைமரி எனப்படும் முதனிலைத் தேர்தலில் வாக்காளர்களே கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைமைக்கு வேட்பாளரைப் பிடிக்காவிட்டாலும் விழுங்கித்தான் ஆகவேண்டும். பெரும்பாலான தொகுதிகள் ஏதாவது ஒரு கட்சியின் கோட்டையாக இருப்பதால், நவம்பரில் நடப்பது பல இடங்களில் வெறும் சடங்கே. உண்மையான போட்டி பிரைமரியில் முடிந்துவிடுகிறது.

2018 ஜூனில் நியூயார்க்கின் 14ஆவது தொகுதியில் என்ன நடந்தது என்று பாருங்கள். பிரதிநிதிகள் சபையில் ஜனநாயகக் கட்சியின் முதல் நான்கு தலைவர்களுள் ஒருவரான ஜோ கிரவுலியை, மதுக்கடையில் பணிபுரிந்திருந்த 28 வயது அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்ட்டெஸ் பிரைமரியில் வீழ்த்தினார். ஏறத்தாழ 7 லட்சம் மக்கள் வாழும் அத்தொகுதியில் அவர் வெல்ல 17,000க்கும் குறைவான வாக்குகளே போதுமாயின. அன்று வாக்களிக்க வந்தவர்கள் அவ்வளவு குறைவு.

பிரைமரி விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூயார்க்கில் அந்தக் கட்சியின் பெயரில் முன்பே பதிந்தவர்கள் மட்டுமே வாக்களிக்கலாம். டெக்சாஸில் கட்சிப் பதிவே கிடையாது. ஏதாவது ஒரு கட்சியின் சீட்டை அன்றே கேட்டு வாங்கலாம். கலிபோர்னியாவில் அதிபர் பதவி தவிர்த்த முக்கியப் பதவிகளுக்கு எல்லாக் கட்சியினரும் ஒரே சீட்டில் நிற்க, முதல் இருவர் நவம்பருக்குப் போகிறார்கள்; அந்த இருவரும் ஒரே கட்சியாக இருந்துவிடுவதும் உண்டு. பதிவுப் படிவத்தில் கட்சியைக் குறிக்கச் சொன்னால், அது நம் ஊர்க் கட்சி உறுப்பினர் அட்டையைப் போன்றதன்று என்பதை நினைவில் கொள்ளுங்கள். சந்தா இல்லை, நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் வாக்களிக்கலாம்.

படி 7: சீட்டு கைக்கு வந்ததும்

தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்பே மாதிரி வாக்குச்சீட்டை இணையத்திலோ அஞ்சலிலோ பார்க்கலாம். அதை அச்சிட்டு, சாப்பாட்டு மேசையில் வைத்து, ஒரு மாலை முழுவதும் செலவிடுங்கள். மேலே அதிபர், செனட்டர், பிரதிநிதி. பிறகு ஆளுநர், மாநில அவைகள். அதன்கீழ் கவுண்டி, நகரம், பள்ளி வாரியம், நீதிபதிகள். கடைசியில் மக்கள் நேரடியாக முடிவு செய்யும் சட்ட முன்மொழிவுகள். கலிபோர்னியாவில் 1978இல் சொத்து வரிக்கு வரம்பு கட்டிய 13ஆவது முன்மொழிவு இப்படி வந்ததுதான். அதன் விளைவு இன்றும் அங்கே வீடு வாங்கும் ஒவ்வொருவரின் வரி ரசீதிலும் தெரிகிறது. முன்மொழிவுகளின் வாசகம் சிலசமயம் வழக்கறிஞர்களுக்கே தலைசுற்றும். இருக்கும் சட்டத்தை நீக்க விரும்புபவர் ஆம் என்று போடவேண்டுமா, இல்லை என்று போடவேண்டுமா என்பதை இருமுறை சரிபாருங்கள். லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ் என்ற, 1920இல் தொடங்கிய கட்சி சார்பற்ற அமைப்பு பல ஊர்களில் வேட்பாளர்களின் பதில்களைத் தொகுத்துத் தருகிறது.

எல்லா வரிகளையும் நிரப்பவேண்டும் என்ற கட்டாயமில்லை. தெரியாத பதவியை வெறுமையாக விட்டாலும் மற்ற வாக்குகள் செல்லும். ஆனால் பலர் அப்படி விட்டுவிடுவதால்தான், கீழே இருக்கும் பதவிகளில் ஒரு வாக்கின் எடை கூடிவிடுகிறது.

தேர்தல் நாள் நவம்பரின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய். 1845இல் விவசாயிகளின் வண்டிப் பயணத்தையும் ஞாயிறு வழிபாட்டையும் கணக்கிட்டு வகுத்த நாள் இன்னும் மாறவில்லை. நாடு முழுவதற்கும் பொது விடுமுறையும் கிடையாது. ஆகவே முன்கூட்டியே நேரில் வாக்களிப்பதும் அஞ்சலில் வாக்களிப்பதும் பெருகியிருக்கின்றன. ஆரெகன் போன்ற மாநிலங்களில் எல்லாருக்கும் சீட்டு வீட்டுக்கே வருகிறது.

அஞ்சல் சீட்டைக் கையாள்வதில் அவசரம் கூடாது. கறுப்பு அல்லது நீல மையில் முட்டை வடிவக் கட்டத்தை முழுமையாக நிரப்பி, சீட்டை மடித்து உள்ளே வைத்து, வெளியுறையில் உரிய கோட்டின்மேல் கையெழுத்திட்டு, தேதி கேட்டிருந்தால் தேதியும் எழுதவேண்டும். பென்சில்வேனியா போன்ற இடங்களில் இரகசிய உறை என்ற உள்ளுறை தனியே வரும். அதில் வைக்காமல் அனுப்பினால் வாக்குச் செல்லாமல் போகலாம். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று கடிதம் வந்தால், வழக்கு என்று பயப்படாமல், அதிலுள்ள படிவத்தை நிரப்பிக் காலக்கெடுவுக்குள் திருப்பி அனுப்புங்கள். கடைசி நாளில் அஞ்சல் பெட்டியை நம்பாமல், தேர்தல் அலுவலகத்தின் சேகரிப்புப் பெட்டி இருந்தால் அதிலேயே போடுவது நிம்மதி.

சாவடிக்குப் போய்ப் பெயர் பட்டியலில் இல்லை என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி தற்காலிக வாக்குச்சீட்டு கேட்கும் உரிமை பெரும்பாலான மாநிலங்களில் உங்களுக்கு உண்டு. தகுதி பின்னர் சரிபார்க்கப்படும். குடியுரிமை பெற்ற அம்மாவோ அப்பாவோ ஆங்கிலம் படிக்கச் சிரமப்பட்டால், வாக்குரிமைச் சட்டத்தின்படி தமக்கு வேண்டிய ஒருவரை உதவிக்கு உள்ளே அழைத்துப்போகலாம். அவர் முதலாளியாகவோ தொழிற்சங்க முகவராகவோ இருக்கக்கூடாது, அவ்வளவுதான். மகளோ பேரனோ வரிவரியாகத் தமிழில் படித்துச் சொல்ல, பாட்டி தம் விருப்பப்படி கட்டத்தை நிரப்பலாம். விருப்பம் பாட்டியுடையதாக இருக்கவேண்டும் என்பதைப் பேரன் மறக்கக்கூடாது.

படி 8: அதிபர் தேர்தலின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

அதிபர் தேர்தல் நாடு முழுவதும் எண்ணிக் கூட்டும் ஒரே தேர்தல் அன்று. 50 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் தனித்தனியே நடத்தும் 51 தேர்தல்களின் தொகுப்பு அது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் பிரதிநிதிகள், செனட்டர்கள் ஆகியோரின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்ணிக்கையில், அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் உண்டு; தலைநகருக்கும் தனியே உண்டு. மொத்தம் 538, வெல்ல 270 வேண்டும். கலிபோர்னியாவுக்கு 54, டெக்சாஸுக்கு 40, ஃபுளோரிடாவுக்கு 30, தலைநகருக்கு 3. மேய்ன், நெப்ராஸ்கா ஆகிய இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும், ஒரு வாக்கு முந்தியவருக்கே மாநிலத்தின் மொத்தத் தேர்வாளர்களும்.

மாநிலம் எவ்வளவு சிறியதானாலும் இரண்டு செனட்டர்கள் என்பதால் கணக்குச் சாய்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயோமிங்கில் ஏறத்தாழ 5.77 லட்சம் பேர், தேர்வாளர்கள் 3. கலிபோர்னியாவில் 3.95 கோடிப் பேர், தேர்வாளர்கள் 54. வயோமிங்கில் சுமார் 1.92 லட்சம் பேருக்கு ஒரு தேர்வாளர், கலிபோர்னியாவில் சுமார் 7.32 லட்சம் பேருக்கு ஒருவர். நாடு முழுவதும் குறைந்த வாக்குகள் பெற்றவர் அதிபராவது 1824, 1876, 1888, 2000, 2016 ஆகிய ஆண்டுகளில் நடந்திருக்கிறது. 2000இல் ஃபுளோரிடாவின் 537 வாக்குகள் வித்தியாசமே ஜார்ஜ் புஷ்ஷை அதிபராக்கியது. 2016இல் ஹிலாரி கிளிண்டன் 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றார். இம்முறை நியாயமா என்ற விவாதம் ஓயாதது. என் பார்வையில், இதன் பெரிய குறை சிறிய மாநிலங்களுக்குக் கிடைக்கும் சலுகையைவிட, பென்சில்வேனியா, விஸ்கான்சின், மிச்சிகன் போன்ற இழுபறி மாநிலங்களைத் தவிர மற்றவற்றை வேட்பாளர்கள் எட்டிப்பார்க்காமல் விடுவதுதான்.

தேர்தல் இரவில் தொலைக்காட்சிகள் அறிவிப்பது கணிப்பு. சட்டப்படி அது முடிவு அன்று. பென்சில்வேனியாவிலும் விஸ்கான்சினிலும் தேர்தல் நாள் காலைக்கு முன் அஞ்சல் உறைகளைப் பிரிக்கவே கூடாது என்பதால் எண்ணிக்கை நீள்கிறது. 2020இல் நவம்பர் 3இல் நடந்த தேர்தலின் வெற்றியாளரை நிறுவனங்கள் 7ஆம் நாள்தான் கணித்தன. முன்னிலை மாறுவதைப் பார்த்ததும் வாட்ஸ்ஆப்பில் மோசடி என்று செய்தி அனுப்புபவர்கள் இந்த விதியைப் படித்திருப்பதில்லை. கவுண்டிகள் சரிபார்த்து, மாநிலங்கள் சான்றளித்த பின், டிசம்பர் நடுவில் தேர்வாளர்கள் தத்தம் மாநிலத்தில் கூடி வாக்களிக்கிறார்கள். ஜனவரி 6இல் காங்கிரஸ் அவற்றை எண்ணுகிறது. 2021இல் அந்நாளில் நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டதற்குப் பிறகு, 2022இல் சட்டம் இறுக்கப்பட்டது: துணை அதிபரின் பங்கு சடங்குமுறையானதே என்று தெளிவாக்கி, ஆட்சேபம் எழுப்ப இரு அவைகளிலும் ஐந்தில் ஒரு பங்கினர் வேண்டும் என்றாக்கினார்கள். ஜனவரி 20 நண்பகலில் பதவியேற்பு.

படி 9: தேர்தல் இல்லாத நாட்களில்

இந்தப் பகுதி வாக்குரிமை இல்லாதவர்களுக்கும் உரியது. உங்கள் தொகுதியின் பிரதிநிதி அலுவலகத்தில் மனுக்களைக் கவனிக்கவென்றே ஊழியர்கள் இருக்கிறார்கள். கடவுச்சீட்டுத் தாமதம், குடிவரவுத் துறையில் தேங்கிய கோப்பு போன்றவற்றுக்கு, தனியுரிமை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுத் தந்தால், அவர்கள் துறையிடம் விசாரிப்பார்கள். எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் காத்திருந்து பழகிய நமக்கு இதன் எளிமை வியப்பளிக்கும். கொள்கை பற்றிய கருத்தைச் சொல்ல 202-224-3121 என்ற நாடாளுமன்றத் தொலைபேசி எண்ணை அழைத்தால் உரிய அலுவலகத்துக்கு இணைப்பார்கள். பெயர், ஊர், மசோதா எண், ஆதரவா எதிர்ப்பா என்பவற்றைச் சொன்னால் போதும், சொற்பொழிவு வேண்டாம்.

அமைச்சகங்கள் விதிகளை மாற்றும்போது, 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலும் வரைவை வெளியிட்டுப் பொதுக்கருத்துக் கேட்கவேண்டும். கருத்துச் சொல்லக் குடியுரிமை தேவையில்லை. எச்-1பி ஊழியர்களோடு வந்து எச்-4 விசாவில் இருக்கும் துணைவர்களுள் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி தந்த விதி 2014இல் வரைவாக வெளியாகி, ஆயிரக்கணக்கான கருத்துகளைப் பெற்று, 2015 மே 26இல் நடைமுறைக்கு வந்தது. படிப்பை வைத்துக்கொண்டு வீட்டில் அடைபட்டிருந்த பல தமிழ்ப் பெண்கள் அவ்விதியால்தான் வேலைக்குப் போனார்கள்.

பணம் கொடுப்பதில் கவனம் வேண்டும். குடிமக்களும் பச்சை அட்டைக்காரர்களும் வேட்பாளர்களுக்கு நன்கொடை தரலாம். 2025-26 காலத்தில் தேசியப் பதவிக்கான ஒரு வேட்பாளருக்குத் தேர்தல் ஒன்றுக்கு 3,500 டாலர் வரம்பு. எச்-1பி, மாணவர்களுக்கான எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் ஒரு டாலர்கூடத் தரக்கூடாது. ஆனால் ஊதியமின்றித் தொண்டு செய்யலாம். வீடு வீடாகப் போய்த் துண்டறிக்கை கொடுக்கலாம்.

பள்ளி வாரியக் கூட்டமே தொடங்குவதற்கு எளிய இடம். நிகழ்ச்சிநிரல் சில நாட்களுக்கு முன்பே இணையத்தில் வரும். பொதுமக்கள் பேசும் பகுதிக்கு, வாசலிலோ இணையத்திலோ பெயரைப் பதிந்துகொண்டால், 2 அல்லது 3 நிமிடங்கள் தருவார்கள்; மேசைமேல் இருக்கும் கடிகாரம் சிவப்பானதும் நிறுத்திவிடவேண்டும். கோரிக்கையை முதல் வாக்கியத்திலேயே வையுங்கள், காரணத்தை இரண்டாவதில் சொல்லுங்கள், எழுதிய தாளை எழுத்தரிடம் கொடுங்கள். வாரிய உறுப்பினர்கள் பெரும்பாலும் அன்றே பதில் சொல்லமாட்டார்கள். பல இடங்களில் நிரலில் இல்லாத பொருளைப் பற்றி விவாதிக்கச் சட்டமே அனுமதிப்பதில்லை. அடுத்த கூட்டத்தின் நிரலில் உங்கள் பொருள் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் இன்னும் இரண்டு பெற்றோரை அழைத்துக்கொண்டு மறுபடி போங்கள். மூன்று பேர் சேர்ந்து வந்த விஷயத்தை அந்தச் சின்ன அரங்கில் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.